மச்சானின் மனையும் மகனின் மியூச்சுவல் ஃபண்டும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: நிலமா, பங்கா? போதாததற்கு இப்போது பிரைவேட் ஈக்விட்டி என்ற பெயரும் ஊருக்குள் வந்துவிட்டது. அதனால் இந்த வாரம் முழுக்க இதற்கே ஒதுக்கிவிட்டேன். தங்கம் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த வாரம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பள்ளி ஆசிரியராக இருந்து இப்போது ஓய்வு பெறுகிறேன். கையில் 45 லட்சம் வரும். என் மச்சான் 1995-ல் திருச்சிக்கு வெளியே 1 லட்சத்துக்கு ஒரு மனை வாங்கினார், இன்று அது 30 லட்சம் போகிறது. "மண்ணுல போட்ட காசு எங்கயும் போகாது" என்கிறார். மகன் மியூச்சுவல் ஃபண்டில் போடச் சொல்கிறான். வீட்டில் தினமும் இதே பேச்சு. யார் சொல்வது சரி? (ஒரு வாசகர், திருச்சி)

பதில்: முதலில் மச்சானின் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம் சார், ஏனென்றால் இந்த மாதிரிப் பேச்சில் அதை மட்டும் யாரும் போடுவதில்லை. 1 லட்சம் 30 வருஷத்தில் 30 லட்சம் ஆனால் கூட்டு வட்டியில் ஆண்டுக்கு 12 சதவிகிதம். நல்ல வருமானம், குறை சொல்ல ஒன்றுமில்லை. இப்போது மகன் பக்கம். பங்குச்சந்தையின் அளவுகோலான சென்செக்ஸ் 1995 நடுவில் சுமார் 3,300 புள்ளி, 2025 நடுவில் 82,000-ஐ ஒட்டி இருந்தது. ஏறக்குறைய 25 மடங்கு, ஆண்டுக்கு 11 சதவிகிதத்துக்குக் கொஞ்சம் மேல். கம்பெனிகள் லாபத்திலிருந்து பிரித்துத் தரும் டிவிடெண்டு இந்தப் புள்ளிக் கணக்கில் சேராது. அதையும் வாங்கித் திரும்ப அதிலேயே போட்டிருந்தால் இதுவும் 12-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஆக உங்கள் வீட்டில் இரண்டு பேரும் ஒரே எண்ணுக்காகத்தான் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அப்படியானால் மனை வாங்கி முன்னுக்கு வந்தவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்களே, பங்கு வாங்கி வந்தவர் ஒருவரைக்கூடக் காணோமே என்று கேட்பீர்கள். விஷயம் இங்கேதான் இருக்கிறது. மச்சான் அந்த மனையை 30 வருஷம் விற்கவில்லை. விற்க நினைத்தாலும் தரகர், பேரம், பத்திர நகல், வில்லங்கச் சான்று என்று மாதக்கணக்கில் அலையவேண்டும் என்பதால் அந்த நினைப்பே பெரும்பாலும் வராது, அதைவிட முக்கியம், இன்றைக்கு உன் மனை இவ்வளவுதான் போகும் என்று காலை ஒன்பதே கால் மணியிலிருந்து யாரும் அவர் காதில் ஓதிக்கொண்டிருக்கவில்லை. பங்குச்சந்தையில் அதுதான் நடக்கிறது. 2008 ஜனவரியில் 21,000-ஐத் தொட்ட சென்செக்ஸ் அக்டோபர் கடைசியில் 8,000-க்குப் பக்கத்தில் வந்தது. 2020 மார்ச் 23 அன்று ஒரே நாளில் 3,900 புள்ளிக்கு மேல் சரிந்து 26,000-க்குக் கீழே முடிந்தது. அன்றைக்கு பயந்து விற்றவர்களுக்கு அடுத்த ஜனவரியிலேயே அது 50,000-ஐத் தொட்டதைப் பார்க்கும்போது எப்படி இருந்திருக்கும்! அந்த ஊரடங்கு மாதத்தில் மச்சானின் மனையை விற்கப் போயிருந்தால் கேட்ட விலையில் பாதிக்குக்கூட ஆள் வந்திருக்காது. ஆனால் அதை யாரும் விலை கேட்கவில்லை, அதனால் அது இறங்கவில்லை என்றே அவர் இன்றுவரை நம்புகிறார்.

இன்னொன்று. மச்சான் சொல்வது ஜெயித்த மனையின் கதை. அதே வருஷம் பஸ் வராத இடத்தில் லேஅவுட் போட்டு விற்றதை வாங்கி, இன்றும் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிற மனைக்காரர்கள் கல்யாண வீட்டில் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டபோது, பெண் கல்யாணத்துக்கு விற்கலாம் என்று மனை வைத்திருந்த எத்தனையோ குடும்பங்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றன. அடுத்த வருஷம் வரன்முறைத் திட்டம் வந்தது, சரிதான், ஆனால் கல்யாணத் தேதி அதுவரை காத்திருக்குமா?

செலவையும் பாருங்கள். இன்று தமிழ்நாட்டில் மனை வாங்கினால் முத்திரைத்தாள் கட்டணம் 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவிகிதம். 30 லட்சத்துக்கு வாங்கினால் 2 லட்சத்து 70 ஆயிரம் முதல் நாளே போய்விடுகிறது, தரகர் கமிஷன் தனி. அப்புறம் வேலி, எல்லைக்கல், பக்கத்து மனைக்காரர் அரை அடி தள்ளிச் சுவர் வைத்திருக்கிறாரா என்று வருஷத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்க்கிற வேலை. சென்செக்ஸ் மாதிரிக் குறியீட்டில் உள்ள பங்குகளையே அப்படியே வாங்குகிற மியூச்சுவல் ஃபண்டுக்கு இண்டெக்ஸ் ஃபண்டு என்று பெயர். அதை ஏஜென்ட் இல்லாமல் நேராக வாங்கும் டைரக்ட் பிளானில் ஆண்டுச் செலவு அரை சதவிகிதத்துக்கும் கீழே.

இத்தனையும் சொன்னாலும் உங்கள் வயதுக்கு இருவர் சொல்வதும் முதல் யோசனை இல்லை. மனை மாதா மாதம் காசு தராது, ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் அதில் கால் கிரவுண்டு மட்டும் வெட்டி விற்கவும் முடியாது. தபால் அலுவலக மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாம். 8.2 சதவிகித வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை 61,500 ரூபாய் வரும். மீதி 15 லட்சத்தில் 5 லட்சத்தை வங்கியில் வைத்துக்கொள்ளுங்கள். 10 லட்சத்தை, ஏழெட்டு வருஷம் தொடமாட்டேன் என்று உங்களால் உறுதியாகச் சொல்ல முடிந்தால், மகன் சொல்வதுபோல இண்டெக்ஸ் ஃபண்டில் ஒரே அடியாகப் போடாமல் ஒரு வருஷமாகப் பிரித்துப் போடுங்கள். பென்ஷன் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. உண்டு என்றால் இந்த 10 லட்சத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம், இல்லையென்றால் வேண்டாம்.

கேள்வி: ஐடி வேலை, வயது 31. சென்னையில் 80 லட்சத்துக்கு ஒரு ஃபிளாட் பார்த்திருக்கிறோம். அதே கட்டடத்தில் வாடகை 22,000 தான். நண்பர்கள் "வாடகைக்கு இருந்துகொண்டு எஸ்ஐபி போடு" (மாதா மாதம் மியூச்சுவல் ஃபண்டில் போடு) என்கிறார்கள், அம்மா "வாடகை கொடுத்தால் அது திரும்பி வருமா" என்கிறார். என்ன செய்வது? (ஒரு வாசகி, சென்னை)

பதில்: 80 லட்சம் வீட்டுக்கு வங்கி அதிகபட்சம் 80 சதவிகிதம்தான் கடன் தரலாம், அது ரிசர்வ் வங்கி விதி. நீங்கள் கையிலிருந்து 20 லட்சம் போடுவதாக வைத்துக்கொள்வோம். 60 லட்சம் கடன், எட்டரை சதவிகிதம், 20 வருஷம் என்றால் மாதம் 52,000 ரூபாய் தவணை. மொத்தம் கட்டுவது ஒண்ணேகால் கோடி, அதில் 65 லட்சம் வட்டி. வட்டியும் திரும்பி வராது என்று அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

22,000 வாடகை என்றால் வருஷத்துக்கு 2 லட்சத்து 64 ஆயிரம். வீட்டு விலையில் 3.3 சதவிகிதம், பராமரிப்பும் சொத்து வரியும் போனால் இன்னும் குறையும். இவ்வளவு மலிவாக ஒரு வீட்டில் குடியிருக்க முடிகிறது என்றால் கணக்குப்படி வாடகைதான் லாபம், ஆனால் தவணைக்கும் வாடகைக்கும் நடுவில் மிச்சமாகிற 30,000 மாதா மாதம் தவறாமல் ஃபண்டுக்குப் போகவேண்டும். அது போகிற வீடுகளை நான் அதிகம் பார்த்ததில்லை. கோவா போகும், புது போன் ஆகும். தவணை என்றால் வங்கி பிடித்துக்கொள்ளும், அது ஒரு கட்டாயச் சேமிப்பு, ஃபிளாட் வாங்கியவர்களின் வெற்றிக்குப் பாதிக் காரணம் அதுதான்.

நண்பர்கள் சொல்லாத ஒரு விஷயமும் இருக்கிறது. கடன் வாங்கிச் செய்கிற முதலீட்டில், சாதாரணச் சம்பளக்காரருக்குக் கிடைக்கிற நியாயமான கடன் வீட்டுக்கடன் ஒன்றுதான். நீங்கள் போடுவது 20 லட்சம், வீட்டு விலை 10 சதவிகிதம் ஏறினால் 8 லட்சம் லாபம், அது உங்கள் பணத்தில் 40 சதவிகிதம். இறங்கினாலும் அதே மாதிரிதான் அடிக்கும், ஆனால் விலை இறங்கிவிட்டது, உடனே பணம் கட்டு, இல்லாவிட்டால் விற்றுவிடுவேன் என்று தவணையை ஒழுங்காகக் கட்டுகிற ஆளின் வாசலில் வங்கி வந்து நிற்காது. பங்கில் கடன் வாங்கி இறங்கினால் புரோக்கர் அதே நாளில் விற்றுவிடுவார்.

ஃபிளாட்டில் ஏறுவது கட்டடம் இல்லை, அதற்குக் கீழே உள்ள நிலம். பத்திரத்தில் உங்களுக்கு வருகிற பிரிக்கப்படாத பாகம், யுடிஎஸ் என்பார்களே, அது எத்தனை சதுர அடி என்று முதலில் கேளுங்கள். 1,100 சதுர அடி ஃபிளாட்டுக்கு 550 வந்தால் நல்லது, 250 வந்தால் நீங்கள் வாங்குவது பெரும்பாலும் சிமென்ட். பத்து வருஷம் அதே வீட்டில் இருப்பீர்கள், இருவரில் ஒருவர் சம்பளத்திலேயே தவணை ஓடும் என்றால் வாங்குங்கள். இரண்டு வருஷத்தில் பெங்களூரோ லண்டனோ போகலாம் என்றால் வேண்டாம். முதலீட்டுக்காக மட்டும் இரண்டாவது ஃபிளாட் வாங்கலாமா என்று யாராவது இதைப் படித்துவிட்டு எழுதினால், பதில்: வேண்டாம்.

கேள்வி: கோவையில் பம்ப் தயாரிக்கும் தொழிற்சாலை வைத்திருக்கிறேன். என் வங்கியின் ரிலேஷன்ஷிப் மேனேஜர் ஒரு பிரைவேட் ஈக்விட்டி ஃபண்டில் 1 கோடி போடச் சொல்கிறார். நிலமும் பங்கும் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை, முந்தைய ஃபண்டு 19 சதவிகித ஐஆர்ஆர் கொடுத்தது என்கிறார். உண்மையா? (ஒரு வாசகர், கோவை)

பதில்: அந்த எண் உண்மையாகவே இருக்கலாம். அது உங்கள் பைக்கு எவ்வளவு வந்தது என்பதைச் சொல்கிறதா என்பதுதான் கேள்வி.

இது என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன், மற்ற வாசகர்களுக்கும் சேர்த்து. சந்தையில் பட்டியலிடாத கம்பெனிகளின் பங்கைக் கூட்டாக வாங்கி, சில வருஷம் வளர்த்து, பிறகு இன்னொருவருக்கோ ஐபிஓ (முதல் பொதுப் பங்கு வெளியீடு) மூலமாகப் பொதுமக்களுக்கோ விற்பது பிரைவேட் ஈக்விட்டி. இந்தியாவில் இவை பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் 2012-ம் ஆண்டு மாற்று முதலீட்டு நிதி விதிகளின் கீழ், பெரும்பாலும் இரண்டாம் பிரிவில் வருகின்றன. ஒருவர் குறைந்தது 1 கோடி போடவேண்டும், ஒரு திட்டத்தில் 1,000 பேருக்கு மேல் சேரக்கூடாது. ஏழெட்டு வருஷம், சிலதில் பத்து வருஷம் பணம் உள்ளே இருக்கும். நடுவில் அவசரம் என்று கேட்டால் கிடைக்காது.

இப்போது ஐஆர்ஆர். பணம் அவர்களிடம் இருந்த காலத்துக்கு மட்டும் போடுகிற ஆண்டு வருமான விகிதம் அது. நீங்கள் 1 கோடி தருவதாகக் கையெழுத்துப் போடுவீர்கள், அவர்கள் மொத்தமாக வாங்கமாட்டார்கள். கம்பெனி கிடைக்கக் கிடைக்க 15 லட்சம், 20 லட்சம் என்று கூப்பிடுவார்கள். திரும்பக் கொடுப்பதும் தவணைதான். சராசரியாக ஒவ்வொரு ரூபாயும் அவர்களிடம் நாலு வருஷம் இருந்து இரண்டு மடங்கானது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐஆர்ஆர் சுமார் 19 சதவிகிதம் வரும். ஆனால் நீங்கள் எப்போது கூப்பிடுவார்களோ என்று மீதிப் பணத்தை டெபாசிட்டிலும், உடனே எடுக்க முடிகிற லிக்விட் ஃபண்டிலும் தயாராக வைத்திருக்கவேண்டும், ஏனென்றால் கூப்பிட்டபோது கட்டாவிட்டால் அபராதம் உண்டு. அந்த எட்டு வருஷத்தை முழுதாக எடுத்துக்கொண்டு, 1 கோடி 2 கோடி ஆனது என்று பார்த்தால் ஆண்டுக்கு 9 சதவிகிதம். காத்திருந்த பணத்துக்கு வந்த வட்டியைச் சேர்த்தால் உண்மை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். மேனேஜர் பெரிய எண்ணைச் சொல்வார், சின்ன எண்ணை நீங்கள்தான் போட்டுப் பார்க்கவேண்டும்.

இது கட்டணம் போகவா, கட்டணத்துக்கு முன்னாலா என்றும் கேளுங்கள். வழக்கமாக ஆண்டுக்கு 2 சதவிகிதம் நிர்வாகக் கட்டணம், குறிப்பிட்ட லாபத்துக்கு மேல் போனால் லாபத்தில் 20 சதவிகிதம் அவர்களுக்கு. அதைவிட நல்ல கேள்வி ஒன்று உண்டு: முந்தைய ஃபண்டில் போட்டவர்களுக்கு இதுவரை ரொக்கமாக எவ்வளவு திரும்பி வந்திருக்கிறது? மதிப்பு இவ்வளவு என்று காகிதத்தில் எழுதியிருப்பதைக் காட்டினால் விடாதீர்கள். பட்டியலிடாத கம்பெனிக்குச் சந்தை விலை கிடையாது, கடைசியாக யாரோ பணம் போட்ட விலைதான் மதிப்பு. பைஜூஸ் 2022-ல் 2,200 கோடி டாலர் மதிப்புள்ள கம்பெனி. அதில் பெரிய பங்கு வைத்திருந்த புரோசஸ் நிறுவனம் 2024-ல் தன் பங்கின் மதிப்பைப் பூஜ்யம் என்று எழுதியது. மச்சானின் மனை மாதிரியே இங்கேயும் விலை தினமும் தெரிவதில்லை, அதனால் ஆடாமல் நிற்பது போலத் தோன்றுகிறது. மனையில் கடைசிக்கு மண்ணாவது மிஞ்சும்.

ஜெயித்தவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள், பெரிதாகவே ஜெயித்திருக்கிறார்கள். ஆனால் இந்தத் தொழிலில் நல்ல ஃபண்டுக்கும் சுமாரான ஃபண்டுக்கும் உள்ள தூரம் மியூச்சுவல் ஃபண்டில் இருப்பதைவிட மிக அதிகம். முதல் வரிசை ஃபண்டுகளுக்குப் பென்ஷன் நிதிகளும் பல்கலைக்கழக அறக்கட்டளைகளும் வரிசையில் நிற்கின்றன. அவை பிடித்துப்போக மிஞ்சியதுதான் உங்கள் கிளையின் மேனேஜர் மேஜைக்கு வருகிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. அவருக்கு இதில் கமிஷன் எவ்வளவு என்று நேராகக் கேளுங்கள், தப்பில்லை.

கடைசியாக ஒன்று. உங்கள் பம்ப் கம்பெனி என்ன? பட்டியலிடாத கம்பெனி, நினைத்த நேரத்தில் விற்க முடியாது, லாபமும் நஷ்டமும் ஒரே தொழிலில். உங்களிடம் ஏற்கெனவே பிரைவேட் ஈக்விட்டி நிறைய இருக்கிறது, அதுவும் நிர்வாகக் கட்டணம் இல்லாமல், தினமும் நீங்களே கண்ணால் பார்க்கிற ஒன்றில். தொழில் மந்தமாகும் வருஷத்தில் சம்பளம் போட உதவுகிற பணம்தான் உங்களிடம் குறைவாக இருக்கும் என்று நினைக்கிறேன். மொத்தச் சொத்து 15, 20 கோடியைத் தாண்டி, இந்த 1 கோடி போனாலும் தூக்கம் கெடாது என்றால் மட்டும் யோசியுங்கள்.

கேள்வி: 1 கோடி இல்லாதவர்களும் ஐபிஓ வருவதற்கு முன்பே பங்கு வாங்கலாம் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. வாங்கலாமா? (ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: பட்டியலிடாத பங்கை வாங்குவது சட்டப்படி தப்பில்லை, டீமேட் கணக்கிலேயே வந்துவிடும். விலைதான் பிரச்சினை. எச்டிபி ஃபைனான்ஷியல் சர்வீசஸ் பங்கை இப்படி 1,200 ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கியவர்கள் இருக்கிறார்கள். 2025 ஜூனில் ஐபிஓ வந்தபோது விலை 700 முதல் 740 ரூபாய். முன்கூட்டி வாங்கியவர்கள் பொறுமையாக வரிசையில் நின்றவர்களைவிட அதிகம் கொடுத்திருந்தார்கள். அதோடு, ஐபிஓவுக்கு முன் வாங்கிய பங்கைப் பட்டியலான பிறகு ஆறு மாதம் விற்கவும் முடியாது. முன்னால் போனால் மலிவு என்பது பஸ் சீட்டுக்குக்கூட எப்போதும் சரியாக வருவதில்லை.

கேள்வி: என்னிடம் சேமிப்பு 2 லட்சம்தான். நிலம், கட்டடம் இதிலெல்லாம் சின்னத் தொகை போட வழியே இல்லையா? பேப்பரில் மாதத் தவணையில் மனை என்று விளம்பரம் வருகிறதே? (ஒரு வாசகி, மதுரை)

பதில்: இருக்கிறதம்மா, ரீட் என்று பெயர். பெரிய அலுவலகக் கட்டடங்களையும் மால்களையும் ஒரு டிரஸ்டில் வைத்து, அதன் யூனிட்டுகளைப் பங்குச்சந்தையில் விற்கிறார்கள். முதலில் வந்தது எம்பசி, 2019 ஏப்ரலில். வடபழனி விஜயா மால் நெக்சஸ் ரீட்டில் இருக்கிறது, போரூர் காமர்சோன் மைண்ட்ஸ்பேஸில். வாடகையாக வந்து, செலவு போகக் கையில் நிற்கும் பணத்தில் 90 சதவிகிதத்தைக் கட்டாயம் பிரித்துக் கொடுக்கவேண்டும் என்பது செபி விதி. ஒரே ஒரு யூனிட்கூட வாங்கலாம், சில நூறு ரூபாய்தான். ஃபிளாட் வாடகையைவிட இதில் வருவது பெரும்பாலும் கூடுதல். பத்திரம், வாடகைக்காரர், பிளம்பர் தொல்லை இல்லை. ஆனால் விலை பங்கு மாதிரி தினமும் ஆடும், மனையைப் போலச் சொந்தம் கொண்டாட முடியாது. 2 லட்சத்தில் 30,000, 40,000-க்கு மேல் இதில் வேண்டாம்.

தவணை மனை விளம்பரங்களில், பணம் முழுதும் கட்டிய பிறகுதான் பத்திரம் என்பார்கள். அதுவரை உங்களிடம் இருப்பது ரசீதுப் புத்தகம் மட்டும். டிடிசிபி (நகர் ஊரமைப்புத் துறை) அங்கீகார எண், ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் இரண்டும் இருக்கிறதா, நிலம் அவர்கள் பெயரில்தான் இருக்கிறதா என்று பார்க்காமல் முதல் தவணையைக்கூடக் கட்டாதீர்கள்.

கேள்வி: துபாயில் வேலை செய்கிறேன். அப்பா இறந்த பிறகு தஞ்சாவூர் மனை என் பெயருக்கு வந்தது. விற்று இந்தியப் பங்குகளில் போடலாம் என்று இருக்கிறேன். வரி எப்படி? (ஒரு வாசகர், துபாய்)

பதில்: அப்பா வாங்கிய தேதியும் விலையும்தான் உங்களுக்குக் கணக்கு. 2001 ஏப்ரலுக்கு முன் வாங்கியிருந்தால், வாங்கிய விலைக்குப் பதில் 2001 ஏப்ரல் 1 அன்று இருந்த சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம், ஒரு பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் எழுதி வாங்குங்கள். 2024 ஜூலை 23-க்குப் பிறகு விற்கும் மனைக்கு நீண்டகால ஆதாய வரி 12.5 சதவிகிதம், பணவீக்கக் கழிவு கிடையாது. அதற்கு முன் வாங்கிய சொத்துக்குப் பழையபடி கழிவோடு 20 சதவிகிதம் என்ற வழியையும் விட்டு வைத்திருக்கிறார்கள், ஆனால் அது இந்தியாவில் வசிப்பவர்களுக்குத்தான், உங்களுக்கு இல்லை. 

பங்குக்கு மாறிய பிறகும் இதே 12.5 சதவிகிதம்தான், ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்தால். வருஷத்துக்கு முதல் 1.25 லட்சம் ஆதாயத்துக்கு வரி இல்லை என்பது மட்டும் கூடுதல் வசதி.

மனையை வாங்குகிறவர், விலையில் 1 சதவிகிதத்தை வரியாகப் பிடித்தால் போதும் என்று நினைத்துக்கொண்டிருப்பார். வெளிநாட்டில் வசிப்பவரிடம் வாங்கும்போது அது பொருந்தாது, அதிகம் பிடிக்கவேண்டும். முழு விற்பனைத் தொகைக்கும் பிடித்துவிட்டால் அதைத் திரும்ப வாங்க ரிட்டர்ன் போட்டுக் காத்திருக்கவேண்டும். அதனால் அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்பே வருமான வரித் துறையிடம் குறைந்த பிடித்தச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். பட்டா இன்னும் அப்பா பெயரிலேயே இருந்தால், அடுத்த லீவில் ஊருக்கு வரும்போது வாரிசுச் சான்றிதழோடு தாலுகா அலுவலகத்தில் அதை முடித்துவிட்டுத் தரகரிடம் பேசுங்கள்.